பிரேக் பிடிக்கக் கற்றுக்கொண்ட கதை: சிம் ரேசிங் தொடங்க விரும்புவோருக்கு

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது. செய்தி மடலுக்காகச் சற்றுச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.)



செயலாளர் என்னை "ஏதாவது பேசுங்க சார்" என்று கேட்டபோது, டெபாசிட் வட்டி, வருமான வரி என்று ஏதாவது சொல்வேன் என்றுதான் நினைத்திருப்பார். முப்பத்து நான்கு வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்தவன் வேறு எதைப் பேசுவான்? ஆனால் நான் இன்று பேசப்போவது கார் பந்தயம். அதுவும் வீட்டுக்குள் மேஜை முன்னால் உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிற கார் பந்தயம். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துவிடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நம் பேஸ்மென்ட்டில் வண்டியை வளைத்து உள்ளே விடும்போது தூணில் இடித்தேன். அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது, நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விஷயம் பெங்களூருக்குப் போனது. மகள் போனில், "அப்பா, இனிமே சாவியை அம்மாகிட்ட கொடுத்துடுங்க" என்றாள். கொடுத்துவிட்டேன். சாவியோடு சேர்ந்து இன்னும் என்னென்னவோ கையை விட்டுப் போகிறது. அதை அனுபவித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே சமயம் என் பேரன் ஒன்பதாம் வகுப்பு. போனில் அவன் பேசுவது மூன்றே வார்த்தை: "ம்", "நல்லாருக்கேன்", "அம்மாகிட்ட தரேன்". அந்த மே மாத விடுமுறைக்கு வந்தவன் ஒரு பெரிய பையில் ஸ்டீயரிங் வீலும் பெடல்களும் கொண்டுவந்தான். என் எழுத்து மேஜையில் அதைத் திருகி மாட்டினான். "தாத்தா, நீங்க ஓட்டிப் பாருங்க" என்றான்.

திரையில் வந்தது இத்தாலியில் இருக்கும் மொன்சா பந்தயத் தடம். ஒரு சுற்று 5.793 கிலோமீட்டர். ஆரம்பத்திலேயே நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் சட்டென்று ஒடுங்கி வலது, இடது என்று இரண்டு திருப்பம். நான் 200 கிலோமீட்டர் வேகத்தில் போய், திருப்பம் கண்ணுக்கு முன்னால் வந்த பிறகு பிரேக் பிடித்தேன். நேராக வெளியே போனேன். மறுபடியும், மறுபடியும். பதினொரு முறை. முதலில் சிரித்த பையன், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்: "தாத்தா, பிரேக்கை லேட்டா பிடிக்கறீங்க. தூண்லயும் அதேதான் ஆச்சா?"

எனக்குப் பதில் வரவில்லை. அதேதான் ஆகியிருந்தது. அன்றிலிருந்துதான் இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன்.

சிம் ரேசிங் என்றால் பொத்தானை அழுத்தினால் கார் பறக்கும் விளையாட்டு இல்லை. டயரின் பிடிமானம், காரின் எடை முன்னும் பின்னும் சாய்வது, பெட்ரோல் குறையக் குறைய வண்டி லேசாவது எல்லாவற்றையும் கணினி கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். நிஜத் தடங்களை லேசர் கருவியால் அளந்து, மேடு பள்ளம் வரை அப்படியே கொண்டுவருகிறார்கள். நிஜப் பந்தய வீரர்களும் இதில் பயிற்சி எடுக்கிறார்கள். 2020 ஊரடங்கில் பந்தயங்கள் நின்றபோது, ஃபார்முலா 1 வீரர்கள் சிலர் வீட்டில் உட்கார்ந்தே போட்டி போட்டார்கள். நான் கல்லூரியில் பி.காம். படித்தபோது, சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயத்தைப் போய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் 3.717 கிலோமீட்டர் தடமே இருக்கிறது. பார்த்தவனுக்கும் ஓட்டுபவனுக்கும் இருந்த தூரம் இப்போது ஒரு மேஜை அளவுக்குக் குறைந்திருக்கிறது.

இனி, தொடங்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள்.

முதலில் செலவு. வீட்டில் பிளேஸ்டேஷனோ ஓரளவு நல்ல கணினியோ இருந்தால், முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். பிளேஸ்டேஷனில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை வைத்தே கிரான் டுரிஸ்மோ 7 ஓட்டலாம். பிடித்திருக்கிறது என்று தெரிந்த பிறகு வீல் வாங்குங்கள். நான் லாஜிடெக் ஜி29 வைத்திருக்கிறேன். பழையது, இன்னொருவர் பயன்படுத்தியது. கணினிக்கும் பிளேஸ்டேஷனுக்கும் பொருந்தும். எக்ஸ்பாக்ஸ் வைத்திருந்தால் அதற்கு ஜி920 என்று தனியாக இருக்கிறது. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

இந்த வீல்களுக்குள் மோட்டார் இருக்கிறது. டயர் வழுக்கினால் ஸ்டீயரிங் லேசாகும், ஓரக்கல்லில் ஏறினால் கை அதிரும். மோட்டாரின் விசையைப் பல்சக்கரம் வழியாகக் கொடுப்பது விலை குறைவு. பெல்ட் வழியாகக் கொடுப்பது அடுத்தது. மோட்டாரின் தண்டிலேயே வீலைப் பொருத்துவது டைரக்ட் டிரைவ், விலை அதிகம். தொடங்குபவருக்குப் பல்சக்கரமே போதும்.

பழையது வாங்கினால் இரண்டு விஷயம் பாருங்கள். மின் இணைப்பு கொடுத்ததும் ஜி29 தானாக இரண்டு பக்கமும் சுழன்று நடுவில் வந்து நிற்க வேண்டும். பிரேக் பெடலை மெல்ல அமுக்கினால் திரையில் அளவுக்கோடு துள்ளாமல் சீராக ஏற வேண்டும். நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது போலத்தான், பார்க்காமல் வாங்கக் கூடாது.

அடுத்தது நாற்காலி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சக்கரம் வைத்த நாற்காலியில் உட்கார்ந்து பிரேக்கை அழுத்தினால், கார் நிற்கும், நீங்கள் பின்னால் போவீர்கள். நான் பீரோவில் போய் முட்டினேன். சாதாரண நாலுகால் நாற்காலி போடுங்கள். அது இல்லையென்றால் சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் வைத்துவிடுங்கள். பெடல் நகராமல் இருக்கச் சுவரோரம் முட்டுக் கொடுங்கள். திரையைக் கண்ணுக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ வையுங்கள், தூரம் சரியாகத் தெரியும். தலை சுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். முதல் வாரம் ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடம் போதும்.

மூன்றாவது, எந்த விளையாட்டு? கணினியில் ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது அசெட்டோ கோர்சா. இத்தாலிய நிறுவனம் 2014-இல் வெளியிட்டது. பழையது என்பதால் சாதாரணக் கணினியிலும் ஓடும், தள்ளுபடி நாளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் என்றால் கிரான் டுரிஸ்மோ 7. அதில் ஓட்டுநர் உரிமத் தேர்வுகள் இருக்கின்றன. ஒரு திருப்பம், ஒரு பிரேக் என்று சின்னச் சின்னப் பாடமாகச் சொல்லித்தரும். ஐரேசிங் என்பது மாதச் சந்தா கட்டி ஓட்டுவது. ஆறு மாதம் பழகிய பிறகு அதைப் பார்க்கலாம்.

இனி ஓட்டும் முறை. எல்லோரும் செய்யும் தவறு, முதல் நாளே ஃபெராரியை எடுப்பது. நான் பேரன் சொல்படி அபார்த் 500 என்ற சின்னக் காரை எடுத்தேன். மகியோனே என்ற இரண்டரை கிலோமீட்டர் தடம். ஒரு மாதம் வேறு காரும் தொடவில்லை, வேறு தடமும் தொடவில்லை. தானியங்கி கியர், ஏபிஎஸ், வழிகாட்டும் கோடு எல்லா உதவியையும் வைத்துக்கொண்டேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. பிறகு ஒவ்வொன்றாக எடுத்தேன்.

பழைய நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஒவ்வொரு சுற்றின் நேரத்தையும் எழுதினேன். அதில்தான் ஒரு உண்மை தெரிந்தது. வேகமாக ஓட்ட வேண்டும் என்று நினைத்த நாட்களில் நேரம் தாறுமாறாக இருந்தது. நிதானமாக ஓட்டிய நாட்களில் குறைந்திருந்தது. ஆகவே என் முதல் இலக்கு வேகம் இல்லை, டேலி. தொடர்ந்து பத்துச் சுற்று, ஒன்றுக்கொன்று ஒரு விநாடிக்குள் இருக்க வேண்டும். அதற்கு எனக்கு ஐந்து வாரம் பிடித்தது.

காரணம் எளிது. டயரின் பிடிமானத்தை ஒரு வங்கிக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு இவ்வளவுதான், ஓவர்டிராஃப்ட் கிடையாது. மொத்தத்தையும் பிரேக்கில் செலவு செய்துவிட்டால் திருப்புவதற்கு மீதி இருக்காது. ஸ்டீயரிங்கை எவ்வளவு வளைத்தாலும் கார் நேராகவே போகும். மொன்சாவில் எனக்கு ஆனது அதுதான். ஆகவே நேராகப் போகும்போதே பிரேக்கை முடித்துக்கொள்ளுங்கள். திருப்பத்துக்கு முன் ஓரத்தில் தூரப் பலகை இருக்கும். அதை அடையாளம் வைத்து, ஒவ்வொரு சுற்றும் அதே இடத்தில் பிடியுங்கள். மெதுவாக உள்ளே போனால் வேகமாக வெளியே வரலாம். கண் பானெட்டின் மேல் இருக்கக் கூடாது, அடுத்த திருப்பத்தில் இருக்க வேண்டும்.

பிறகு கணினி ஓட்டும் கார்களோடு பழகிவிட்டு, கடைசியாகத்தான் மற்ற மனிதர்களோடு. ஐரேசிங்கில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. தடத்தை விட்டு வெளியே போனால் ஒரு புள்ளி, சுழன்றால் இரண்டு, பலமாக மோதினால் நான்கு. மோதலில் யார் மேல் தப்பு என்று அது பார்ப்பதே இல்லை. இருவர் கணக்கிலும் ஏறும். முதலில் அநியாயமாகத் தோன்றியது. யோசித்தால், இடிக்க வருபவனுக்கு வழிவிடவும் தெரிய வேண்டும் என்கிறது. நம் பார்க்கிங் தகராறுகளுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் செயலாளருக்குப் பாதி வேலை குறையும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இதில் மோதினால் ஒரு பொத்தானை அழுத்தினால் கார் புதிதாகிவிடும். தெருவில் அந்தப் பொத்தான் இல்லை. இரவில் பின் சாலையில் பைக்கில் பறக்கும் பிள்ளைகள் நம் வளாகத்திலும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டிப் பார்த்தோம், பயனில்லை. இப்போது இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்து ஓட்டுகிறார்கள். அவர்களிடம் நான் வேகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. நோட்டை எடுத்து நீட்டுகிறேன். "பத்துச் சுற்று டேலி பண்ணு" என்கிறேன். இன்னும் ஒருவனும் பண்ணவில்லை, ஆனால் வருவதை நிறுத்தவில்லை.

என் சாவி திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது, பகல் நேரத்துக்கு மட்டும். அதுவும் கண் மருத்துவரைப் பார்த்து, டிரைவிங் ஸ்கூலில் நாலு நாள் ஓட்டிக் காட்டிய பிறகு. மேஜையில் ஓட்டியதற்காக யாரும் சாவி தரவில்லை, தரவும் கூடாது.

ஆனால் வேறொன்று வந்தது. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு நானும் பேரனும் ஒரே தடத்தில் ஓட்டுகிறோம், அவன் பெங்களூரில், நான் இங்கே. காதில் ஹெட்போன். முகம் பார்த்துப் பேசினால் "ம்" என்று முடிப்பவன், இரண்டு பேர் கண்ணும் சாலையில் இருக்கும்போது பள்ளிக்கூடம், நண்பர்கள், பயம் எல்லாம் பேசுகிறான். என்ன பேசினான் என்பது வங்கி ரகசியம், சொல்ல மாட்டேன். போன வாரம் கடைசிச் சுற்றில் என்னைத் தாண்டும் முன், "தாத்தா, வலது பக்கம் வரேன்" என்று சொல்லிவிட்டுத் தாண்டினான். நான் வழிவிட்டேன்.

ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள். நாலுகால் நாற்காலி இருக்கிறது, காபி உண்டு. மொன்சா மட்டும் முதல் நாள் கிடையாது.