கை நடுக்கம்: வயசாயிடுச்சு என்று விட்டுவிடாதீர்கள்

(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு முப்பத்தாறு வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பழைய கடன் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் பென்ஷன் எடுக்க வருவார். கை நடுங்கும். ஒரு தடவை கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று செக்கைத் திருப்பிக் கொடுத்தேன். "கை என் பேச்சைக் கேட்க மாட்டேங்குது தம்பி" என்றார். பின்னால் வரிசை நீளமாக நின்றது. "கைரேகை வைக்கிறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிறகு என் அண்ணனுக்கே அது வந்தது. காபி டம்ளரை இரண்டு கையால் பிடித்தாலும் சிந்தும். கல்யாணப் பந்தியில் உட்காருவதையே நிறுத்திவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் பார்க்கின்சன் என்றார்கள். நரம்பியல் டாக்டர் மட்டும் இல்லை என்றார். பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது தெரியும். நடையும் அசைவும் மந்தமாகும். அண்ணனுக்கோ டம்ளரை எடுத்தால், பேனாவைப் பிடித்தால் நடுங்கும். இதற்கு எசென்ஷியல் ட்ரெமர் என்று பெயர். பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். எங்கள் பாட்டிக்கும் இருந்தது.

முதலில் மாத்திரைதான். அது போதாமல் அன்றாட வேலையே முடங்கும்போதுதான் ஆபரேஷன் பேச்சு வரும். அந்தக் காலத்தில் மூளையின் ஆழத்தில் தலாமஸ் என்ற பகுதியில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிப்பார்கள். சென்னையில் டாக்டர் ராமமூர்த்தி குழுவினர் 1960களிலேயே இத்தகைய நுண் அறுவை செய்தார்கள். நம் நாட்டின் முதல் பெண் நரம்பியல் அறுவை நிபுணர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகாவும் அந்தக் குழுவில் இருந்தவர். 1987-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட், சுடுவதற்கு முன் இடத்தைச் சோதிக்க வேகமான மின் துடிப்பைக் கொடுத்துப் பார்த்தார். நடுக்கம் நின்றது. அப்படியானால் சுடாமலே, மின் துடிப்பைத் தொடர்ந்து கொடுத்தால் என்ன? அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன். சுருக்கமாக டி.பி.எஸ்.

அண்ணனுக்கு இதைத்தான் செய்தார்கள். மெல்லிய கம்பியை மூளைக்குள் வைத்து, தோலுக்கு அடியிலேயே ஒயரைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே பேட்டரியைப் பொருத்தினார்கள். கம்பி வைக்கும்போது அவர் விழித்துத்தான் இருந்தார். காகிதத்தில் சுருள் வட்டம் வரையச் சொன்னார்களாம். முதலில் கோணல்மாணல், கரண்ட் கொடுத்ததும் சீராக வந்ததாம். "என் கையா இது என்று அழுதுட்டேன்டா" என்றார்.

இப்போது கத்தியே இல்லாமல், எம்.ஆர்.ஐ. பார்த்தபடி ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவித்துச் சுடும் முறையும் உண்டு. ஆனால் சுட்டது சுட்டதுதான், மாற்ற முடியாது. எல்லோருடைய மண்டை ஓட்டிலும் அந்த அலை சரியாக உள்ளே போகாது. டி.பி.எஸ்.ஸில் கரண்டைக் கூட்டலாம், குறைக்கலாம்.

வரவு சொன்னவன் செலவையும் சொல்ல வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, பேச்சுக் குழறல் வரக்கூடும். பேட்டரி தீர்ந்தால் மாற்ற வேண்டும். சரியான அளவு அமைய அண்ணன் பல தடவை ஆஸ்பத்திரிக்கு அலைந்தார். பார்க்கின்சன்காரர்களுக்கு நோய் வளர்வதை இது நிறுத்தாது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற தொல்லைதான் பொதுவாக இதற்கும் கட்டுப்படும். தள்ளாட்டத்துக்கும் மறதிக்கும் இதை நம்பிப் போகாதீர்கள்.

நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். கை நடுங்கினால் நீங்களாகவே பெயர் வைக்காமல் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். கையெழுத்து மாறியிருந்தால் வங்கியில் புது மாதிரிக் கையெழுத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

போன மாதம் அண்ணன் தன் கையாலேயே எழுதிய செக் பாஸானது. கொஞ்சம் கோணல்தான். அந்த ஆசிரியரிடம் இதைச் சொல்ல முடியவில்லை. அதனால்தான் உங்களிடம் சொன்னேன்.