பழைய ஜீப் வாங்குமுன்

உழவுக்கு எருது வாங்கச் செல்லும் கமக்காரர் அதன் நிறத்தைக் கண்டு மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார், சிறிது தூரம் நடக்கவிட்டுக் கால் பார்ப்பார். அதன் பின்னரே விலை பேசுவார். அந்த எருதின் விலையைப் போலப் பன்மடங்கு பணம் கொடுத்துப் பழைய ஜீப் வாங்குவோர் சிலர், அதன் மினுங்கும் வண்ணத்தை மட்டும் பார்த்து முற்பணம் கொடுத்துவிடுவது விந்தையன்றோ?

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறந்தபோதும், வரிச்சுமை காரணமாகப் புதிய வாகனம் பலருக்கு எட்டாக்கனியே. எனவே நடுத்தரக் குடும்பங்கள் பழையவற்றை நாடுகின்றன. நகையை அடகுவைத்தோ, காணியை ஈடுவைத்தோ, கடல் கடந்து உழைக்கும் பிள்ளை அனுப்பிய பணத்தைத் திரட்டியோ வாங்கும் வாகனம் ஆறு மாதத்தில் கராஜில் முடங்குமாயின், முடங்குவது வாகனம் மட்டுமன்று.

யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகளின் கைத்திறன் பெரிது. பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் முதலிய கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. ஆயினும், பழுதடைந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டலாம். துரு தின்ற அடிச்சட்டத்தை மீட்பது அரிது. ஆகவே சோதனை வாகனத்தின் அடியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

குடாநாட்டைக் கடலும் கடனீரேரியும் சூழ்ந்துள்ளன. உப்புக் காற்று இரும்பை ஓயாது அரிக்கிறது. கரையோரத்தில் மீன் ஏற்றிய வாகனமாயின் கேடு இன்னும் அதிகம். வாகனத்தை உயர்த்தி நிறுத்தி, அடிச்சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும். திடமான இரும்பு கணீரென ஒலிக்கும். உக்கியது மந்தமாக ஒலித்துச் செதில் உதிர்க்கும். அடிப்பாகம் மட்டும் புதிதாகக் கறுப்புப் பூசப்பட்டிருப்பின், அந்தப் பூச்சு எதை மறைக்கிறது என்று வினவுதல் தகும்.

இரண்டாவது எதிரி கிணற்று நீர். சுண்ணாம்புக் கற்பாறையினூடே ஊறும் நீர் கேத்தலின் உள்ளே வெண்படையாகப் படிவதை இல்லத்தரசிகள் அறிவர். அந்நீரையே றேடியேற்றரில் ஊற்றி வந்தால், அதன் நுண்குழாய்களும் அவ்வாறே அடைபட்டு எஞ்சின் கொதிக்கும். எஞ்சின் நன்கு ஆறியபின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். வெண்படையோ துருநீரோ காணப்படின் எச்சரிக்கை. எஞ்சின் ஒயில் பால் கலந்த கோப்பியைப் போலத் தோன்றினால் அதனுள் நீர் கலந்துள்ளது, பெருஞ்செலவு காத்திருக்கிறது.

வாகனத்தைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இயக்கச் சொல்லுதல் நன்று. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருப்பின் சில குறைகள் ஒளிந்துவிடும். நீலப் புகை ஒயில் எரிவதைக் காட்டும். கரும்புகை எரிபொருள் முற்றாக எரியாமையைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை, உள்ளே நீர் கசிவதன் அறிகுறியாகலாம்.

அடுத்து ஓட்டம். மேடு பள்ளமற்ற யாழ்ப்பாணத்தில் தளர்ந்த கிளச் எளிதில் அகப்படாது; கண்டி மலைப்பாதையிலேதான் அது கைவிடும். ஆகவே கைப்பிறேக்கை இறுக்கி, உயர் கியரில் இட்டு, கிளச்சை மெல்ல விட்டுப் பார்க்கலாம். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நில்லாது சுழலுமாயின் கிளச் தேய்ந்தது. நான்கு சக்கர இயக்கத்தைப் பெரும்பாலான பழைய ஜீப்புகளில் உலர்ந்த தார் வீதியிற் சோதித்தல் தவறு, பற்சக்கரங்கள் இறுகிவிடும். மணற்காட்டைப் போன்ற மணற்பாங்கான இடமே அதற்கு ஏற்றது. பிறேக் பிடிக்கையில் வாகனம் ஒரு பக்கம் இழுக்கிறதா, ரயர்கள் ஒருபுறமாகத் தேய்ந்துள்ளனவா என்பனவும் நோக்கத்தக்கன. ஏ 9 வீதியில் விரைந்து செல்கையில் குடும்பத்தின் உயிர் அந்தப் பிறேக்கையே நம்பியிருக்கிறது.

இறுதியாகப் பத்திரங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வாகனத்திற் பொறித்தவற்றோடு ஒத்திருக்க வேண்டும். லீசிங் நிறுவனத்தின் உரித்து அதில் எஞ்சியிருப்பின், அது நீக்கப்படும்வரை பணம் கைமாறலாகாது.

இத்தனையும் பார்க்க அரை நாள் போதும். விற்பவருக்கு உறவோ பங்கோ இல்லாத மெக்கானிக் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அவர் கூறும் திருத்தச் செலவைக் கேட்ட விலையோடு கூட்டிப் பார்த்தால் வருவதே ஜீப்பின் உண்மையான விலை. அத்தொகை கைக்கு மிஞ்சுமாயின், முகத்தாட்சணியம் பாராது திரும்பி வருதலே சேமிப்பைக் காக்கும் வழி.