பழைய கார் வாங்குவதற்கு முன்

(சென்ற மாதம் ஜும்ஆவுக்குப் பிறகு நமது அறக்கட்டளை அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வட்டியில்லாக் கடன் கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களில் சில காலமாக ஒன்றைக் கவனிக்கிறோம். கார் வாங்கக் கடன் கேட்பவர்களைவிட, வாங்கிய காரை ஓட வைக்கக் கடன் கேட்பவர்கள்தான் அதிகம். உம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வேண்டும், பிள்ளைகளை மழையில் நனையாமல் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும் என்று நல்ல எண்ணத்தோடுதான் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் கொடுத்துப் பழைய ஆல்டோவோ சான்ட்ரோவோ வாங்குகிறார்கள். மூன்றாவது மாதமே எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலுள்ள நகை அடகுக்குப் போகிறது. வண்டி வாசலில் நிற்கிறது. உம்மா பழையபடி ஆட்டோவில் போகிறார்.

ஆகவே முதலில் பணக் கணக்கு. கையில் ஒன்றரை லட்சம் இருந்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்குள் வண்டி பாருங்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், பெயர் மாற்றம் என்று மீதிப் பணம் தானாகவே போய்விடும். ஆர்.சி. புத்தகத்தில் பதிவுத் தேதியை முதலில் பாருங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான். அதன்பின் எஃப்.சி. காட்டி 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-இல் அது 10,000 ஆனது. பசுமை வரி தனி. எஃப்.சி.யில் தேறுவதற்காக டிங்கரிங், பெயின்ட், விளக்கு, பிரேக் என்று ஆகும் செலவு இந்தக் கட்டணத்தை விடப் பெரியது. பதினான்கரை ஆண்டு ஓடிய வண்டி திடீரென்று மலிவாகக் கிடைத்தால், அந்தச் செலவை நம் தலையில் தள்ளுகிறார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் முடியும் நாள், கடன் இருக்கிறதா என்ற விவரம் எல்லாம் அதில் வரும். கட்டாத அபராதம் ஏதும் நிற்கிறதா என்று இ-சலான் தளத்தில் தனியாகப் பார்த்துவிடுங்கள். ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், "கடன் எப்போதோ முடிந்துவிட்டது பாய்" என்ற வார்த்தை போதாது. அந்தக் கம்பெனியின் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கையில் வர வேண்டும். பிறகு பானெட்டைத் திறந்து, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். தேய்த்து மறுபடி அடித்த தடம் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

நம் ஊரில் மிகவும் அலட்சியம் செய்யப்படுவது பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அதைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்; வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் இல்லாத நிலையில் வண்டி ஒருவர் மேல் மோதினால், அதை எப்போதோ விற்றுவிட்டு துபாயில் வேலை பார்க்கும் சகோதரர் பெயருக்குத்தான் நோட்டீஸ் வரும். மச்சானிடம் சாவியைக் கொடுத்து "விற்றுவிடு" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறுபவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்கியவருக்கும் நஷ்டம் உண்டு. பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்காவிட்டால், சொந்த வண்டியின் சேதத்துக்கு கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸும் அவரோடு போய்விடும், அது வண்டிக்குரியதல்ல.

இனி வண்டி. காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறவிட்டு மறுபடி வருகிறோம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைப் பேசும். சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. முதல் சில நிமிடம் வரும் மெல்லிய நீராவி பரவாயில்லை. வெள்ளைப் புகை நிற்காமல் அடர்த்தியாக வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் உட்புறம் தயிர் போல வெளுத்திருந்தாலும் அதே சந்தேகம்தான். டீசல் வண்டியில் எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். புகை தள்ளிக்கொண்டு வந்தால் பேக் கம்ப்ரஷன், பெரிய வேலை. 800 சிசி ஆல்டோ, பழைய சான்ட்ரோ ஆகியவற்றில் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நாங்கள் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை. கிளட்ச் பெடலின் ரப்பரும் ஸ்டியரிங்கின் தேய்மானமும் அதைவிட நம்பகமானவை.

கடற்கரைப் பக்கம் நின்ற வண்டியைக் கண்டிப்பாக லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்க வேண்டும். மேலே பளபளப்பும் கீழே துருவுமாக இருக்கும். பட்டி பூசி மறைத்த இடத்தில், துணி சுற்றிய காந்தம் ஒட்டாது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் சந்தைக்கு வருகின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும் தரை விரிப்பின் அடியையும் தொட்டு, முகர்ந்து பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் உண்டு. 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் அந்த டயரை நம்பிக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் போக வேண்டாம்.

ஆம்னி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. கேஸில் ஓடுகிறது, சிக்கனம் என்பார்கள். அந்த கேஸ் கிட் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சமையல் சிலிண்டரைச் சீட்டுக்கடியில் வைத்து ஓட்டும் வண்டியை இலவசமாகக் கொடுத்தாலும் ஏறாதீர்கள். அது சட்டவிரோதம், கசிந்தால் அந்தச் சின்ன வண்டிக்குள் எட்டுப் பேர் மாட்டிக்கொள்வார்கள். அதேபோல, ஓன் போர்டு வண்டி வாங்கி வாடகைக்கு ஓட்டலாம் என்று நினைக்கும் தம்பிமார்கள், வாடகை ஓட்டத்தில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

"நம்ம ஆள்தானே" என்று பார்க்காமல் வாங்குவதும் நடக்கிறது. குறையைச் சொல்லி விற்பது விற்பவரின் மார்க்கக் கடமை. ஆனால் பல நேரங்களில் விற்பவருக்கே தன் வண்டியின் குறை தெரியாது. உங்கள் மெக்கானிக்கை, புரோக்கர் அனுப்பும் மெக்கானிக்கை அல்ல, கூட அழைத்துப் போய் அவருக்கு ஐந்நூறோ ஆயிரமோ மனம் நிறையக் கொடுங்கள்.

கூட்டத்தில் ஒரு சகோதரர் டெல்லி வண்டிகளைப் பற்றிக் கேட்டார். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடையும் வழக்குமாக இருப்பதால் மலிவாக வருவது உண்மைதான். ஆனால் அங்குள்ள ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், இங்கே ஆயுள் வரி புதிதாகக் கட்டி, 12 மாதங்களுக்குள் தமிழ்நாட்டு எண் வாங்க வேண்டும். என்.ஓ.சி.யைக் கண்ணால் பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வரி எவ்வளவு என்று நம் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். அதன் பிறகும் இங்குள்ள வண்டியைவிட மலிவாக இருந்தால் மட்டும் பேச்சைத் தொடருங்கள்.