மலைநாட்டு வானமும் ஆளில்லா ஊர்திகளும்

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, சுரபாயா நகரிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த டச்சு விமானமொன்று, கட்டுநாயக்காவில் இறங்குவதற்கு முன்னரே, நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அண்மையில் உள்ள ஏழுகன்னி மலையில் மோதிற்று. மாண்டவர் 191 பேர். தாம் இருக்குமிடத்தை விமானிகள் பிழையாகக் கணித்து, மலைகளுக்கு மேலேயே தாழ இறங்கியமை காரணமென விசாரணையில் தெரியவந்தது. மலையோ அசையாதது, வரைபடத்திலும் உள்ளது. அசைவதும் எவ்வரைபடத்திலும் இல்லாததுமான பொருளொன்று வழியில் வந்தால் என் செய்வது?

அத்தகைய பொருள்தான் ட்ரோன் எனப்படும் ஆளில்லா ஊர்தி. ஒரு கிலோகூட நிறையில்லாத அதனை விரைந்து செல்லும் விமானி கண்ணால் காண்பது அரிது. 2025 ஜனவரி 9ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் தீயணைக்கப் பறந்த விமானத்தின் இறக்கையை ஒரு ட்ரோன் துளைத்தது. தீ எரிந்துகொண்டிருக்க, அவ்விமானம் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டது.

ட்ரோன் 120 மீற்றருக்குக் கீழும், விமானம் அதற்கு மேலும் செல்க என்பது பல நாடுகளில் உள்ள ஏற்பாடு. சமவெளிக்கு அது நன்று. தேயிலை மலையிலோ கதை வேறு. தோட்டத்து உச்சியில் நிற்கும் ஒருவர் ட்ரோனை 60 மீற்றர் உயர்த்திப் பள்ளத்தாக்கின் மேலே செலுத்துகிறார் எனக் கொள்வோம். கீழே நிலம் 300 மீற்றர் சரிந்துவிட, ட்ரோன் தரையிலிருந்து 360 மீற்றர் உயரத்தில் நிற்கும். அவர் கைக்கருவியோ புறப்பட்ட இடத்திலிருந்தே அளப்பதால் 60 என்றே காட்டும். ஹெலிகொப்டர் விமானியின் கருவி கடல்மட்டத்திலிருந்து அளக்கிறது. இரண்டு எண்களையும் அருகருகே வைத்தாலும் பொருந்தா. போதாக்குறைக்கு, முகடுகளை மேகம் மூடும் நாளில் ஹெலிகொப்டர் பள்ளத்தாக்கின் வழியாகவே நுழைந்து வரும்.

இதற்கு விஞ்ஞானிகள் கண்ட வழி, செயற்கைக்கோள் உதவியால் தன் இடத்தையும் உயரத்தையும் அறிந்து, ஒவ்வொரு விமானமும் கணந்தோறும் வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே செல்வதாகும். சில ட்ரோன்கள் அதனைக் கேட்டு, இயக்குபவரை எச்சரிக்கின்றன. மறுபுறம் அவ்வாறில்லை. ஆயிரக்கணக்கான ட்ரோன்கள் அதே அலைவரிசையில் கூவினால் எவர் குரலும் கேளாது என்பதால், அமெரிக்கா அதனைப் பொதுவாகத் தடுத்துள்ளது. மாற்றாக ட்ரோன்கள் அனுப்பும் அடையாளக் குறிப்பு கைத்தொலைபேசிக்கு எட்டும், விமானியை எட்டுவதில்லை. ஆக, ஒருவர் காண்கிறார், மற்றவர் காண்பதில்லை. காண்பவருக்கும் நடுவே ஒரு மலை நின்றால் அலை அதனை ஊடுருவாது. ஹெலிகொப்டர் முகட்டைச் சுற்றி வெளிப்பட்ட பின்னரே எச்சரிக்கை வரும்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலால் மண்சரிந்து பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, கொத்மலைப் பகுதி மக்களை மீட்டவை இலங்கை, இந்திய ஹெலிகொப்டர்களே. அந்நாட்களில் படம்பிடிக்கும் ஆவலுக்கு வானில் இடமில்லை. ஏனைய நாட்களிலும், காணவியலாத விமானிக்கு வழிவிட வேண்டியவர் ட்ரோனை இயக்குபவரே. ஹெலிகொப்டரின் ஒலி பள்ளத்தாக்கில் எதிரொலிப்பதால் அது வரும் திசை எளிதில் புலப்படாது. ஆகையால் ஒலி கேட்டதும் ட்ரோனை இறக்கிவிட்டு, அதன் பின்னரே அண்ணாந்து தேடுதல் வேண்டும்.