தஞ்சைச் சுவரும் மதுரைத் தூண்களும்

மதுரையின் புதுமண்டபம், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம் ஆகியவற்றை 1858-ஆம் ஆண்டில் ஒளிப்படங்களாகப் பதிவு செய்தவர், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி ஆவார். அதே பயணத்தில் தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த வேலை, மதுரைப் படங்களைவிடத் துணிச்சலானது எனலாம். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகள் ஒரே படத்தில் அடங்காத நீளமுடையவை. ஆகவே கேமராவைச் சுவரையொட்டி நகர்த்தி நகர்த்தி, காகித நெகட்டிவ்களில் 21 படங்கள் எடுத்து, அவற்றின் அச்சுப்படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

கேமரா நகரும்போது அருகிலுள்ள பொருள், தொலைவிலுள்ளதைவிட மிகுதியாக இடம் மாறித் தோன்றும். இடமாறு தோற்றம் எனப்படும் இதுவே படங்களை ஒட்டுவோருக்குப் பெருந்தொல்லை. கல்வெட்டுச் சுவர் ஏறக்குறையத் தட்டையானது என்பதால் டிரைப் தப்பினார். மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் அம்முறை எடுபடாது. முன்தூணுக்கும் பின்தூணுக்கும் இடையே தெரியும் இடைவெளி படத்துக்குப் படம் மாறிவிடும் என்பதால், அங்கே கேமராவை முக்காலியில் நிறுத்தி, வில்லையில் ஒளி நுழையும் துளையையே அச்சாகக் கொண்டு சுழற்ற வேண்டும். ஒத்தக்கடை அருகே நீண்டு கிடக்கும் யானைமலையோ தொலைவிலிருந்து எடுக்கப்படுவதால் இத்தனை நுட்பம் கேட்பதில்லை. அடுத்தடுத்த படங்கள் மூன்றிலொரு பங்கு மேற்பொருந்தினால், இரண்டிலும் பொதுவாக உள்ள பாறை வெடிப்புகளையும் விளிம்புகளையும் கணினியே கண்டறிந்து பொருத்தி, ஒட்டிய இடத்தின் நிற வேறுபாட்டையும் கரைத்துவிடும். முன்னால் வயலில் மாடு நடந்தால்தான் சிக்கல்: அது ஒரே படத்தில் இருமுறை மேயக்கூடும்.