ஊசிமுனையில் கற்ற பாடம்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில், மகளிர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இம்மேடையில் என்னை இலக்கியம் பற்றிப் பேசச் சொல்வார்கள். இம்முறையும் அவ்வாறே கேட்டார்கள். ஆயினும் இன்று நூல்களைப் பற்றி அன்று, நூலைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஊசியில் கோக்கின்ற நூலைத்தான் சொல்கிறேன்.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தேன். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதையை எத்தனை முறை நடத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் யார் யார் வாழ்ந்தனர் என்று இளங்கோவடிகள் வரிசைப்படுத்திச் செல்கின்றார். பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நுட்பமாக நெய்யும் காருகர், துணி தைக்கும் துன்னகாரர், துணியாலும் நெட்டியாலும் அழகிய பொருள்கள் செய்வோர் எனப் பலரும் அவ்வரிசையில் வருகின்றனர். 'துன்னம் என்றால் தையல்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுவேன். துன்னம் என்னும் சொல்லின் பொருள் எனக்குத் தெரியும். துன்னுவது எப்படி என்பது தெரியாது. கழன்று விழுந்த பொத்தானைக்கூட என் மாமியார்தான் தைத்துத் தருவார்.

பணி ஓய்வுக்குப் பின், என் 64-ஆம் வயதில், எங்கள் ஊரில் மகளிர்க்கென நடந்த கைவினைப் பயிலரங்கு ஒன்றில் சேர்ந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை. ஆரி வேலை, மணி கோத்தல், கைத்தையல் ஆகிய மூன்றும் கற்பித்தார்கள். நான் அங்குச் சென்றதற்கு ஒரு காரணம் உண்டு. என் இளைய மகளின் திருமணம் ஆறு மாதத்தில் நடக்கவிருந்தது. அவளுடைய மணநாள் இரவிக்கையை என் கையால் செய்து தரவேண்டும் என்னும் ஆசை எனக்கு.

பயிற்சி அளித்தவர் 26 வயதுப் பெண். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். என்னை 'டீச்சர்' என்றே அழைத்தார். நான் மாணவி, அவர் ஆசிரியர் என்பதை அந்த விளி மாற்றிவிடவில்லை. முதல் நாளே என் வேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

ஆரி வேலை அறியாதவர்களுக்காகச் சில சொற்கள். துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். விரலால் தட்டினால் பறைபோல் ஒலிக்கும் அளவுக்கு அது விறைப்பாக இருக்க வேண்டும். சற்றே தொய்ந்தாலும் தையல் சுருங்கிப்போகும். ஊசியின் முனையில் சிறு கொக்கி இருக்கும். வலக்கை துணியின் மேலே ஊசியைப் பிடித்திருக்க, இடக்கை துணியின் கீழே நூலைப் பிடித்திருக்கும். ஊசி கீழே இறங்கி நூலைக் கவ்வி, சற்றே திரும்பி, மேலே ஒரு கண்ணியைக் கொண்டுவரும். அக்கண்ணிக்குள்ளிருந்து அடுத்த கண்ணி எழும். இதுவே சங்கிலித் தையல். கீழேயுள்ள கை செய்வதைக் கண் காணாது. கைக்கு மட்டுமே அது தெரியும். வாழ்நாள் முழுதும் கண்ணால் படித்தே பழகிய எனக்கு இதுதான் பெருந்துன்பமாக இருந்தது.

ஒரு மணி நேரம் முயன்று நாற்பது கண்ணிகள் போட்டேன். பெருமிதத்தோடு நிமிர்ந்தபோது வளையலில் நூல்முனை சிக்கியது. ஓர் இழுப்பில் நாற்பதும் சரசரவெனப் பிரிந்து வெறும் நூலாயின. 'கடைசியில் முடிச்சுப் போடவில்லையே டீச்சர்' என்றார் அப்பெண். சங்கிலித் தையலின் இயல்பே அதுவாம். எத்தனை நீளம் தைத்தாலும் இறுதிக் கண்ணியைக் கட்டாவிடில் அத்தனையும் போகும். அன்று எனக்கு வந்த சினத்தை இந்த அவையில் ஒப்புக்கொள்கிறேன். கணக்குத் தவறியதற்காகவும் எழுத்துப் பிழைக்காகவும் நான் கடிந்துகொண்ட குழந்தைகளின் முகங்கள் அப்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

இரண்டாம் வாரம் மணி கோத்தல். கடுகினும் சற்றே பெரிய கண்ணாடி மணிகள். மேசைமேல் ஒரு துண்டை விரித்து அதன்மேல் மணிகளைப் பரப்ப வேண்டும், அப்போதுதான் உருண்டோடா. துளை சிறுத்தவற்றையும் ஒருபுறம் தடித்தவற்றையும் முதலிலேயே பொறுக்கி ஒதுக்கிவிட வேண்டும். இந்த மண்ணுக்கு மணித்தொழில் புதிதன்று. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945-இல் நடந்த அகழாய்வு உலகறிந்தது. அங்கே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டதற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. நொய்யல் ஆற்றங்கரையிலுள்ள கொடுமணலிலும் கல்மணிகள் உருவாக்கப்பட்டன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அம்மணிகளைத் துளையிட்ட கைகளை எண்ணியவாறே முதல் சரத்தைக் கோத்து முடித்தேன்.

அவ்வகுப்பில்தான் முதல் இடர் வந்தது. நூல் சிக்காமலும் திரி பிரியாமலும் இருக்க அதன்மேல் மெழுகு தடவுவது வழக்கம். ஆளுக்கொரு துண்டு மெழுகு தந்தார்கள். மஞ்சள் நிறம், இலேசான மணம். தேன்மெழுகு. புலால், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதல் நம் இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கம் என்பது இங்குள்ள சிறுவர்க்கும் தெரியும். தேனை நாவால் தீண்டாத நான், தேனடையைப் பிழிந்து பெற்ற மெழுகைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். உண்ணத்தானே கூடாது, தடவலாமே என்று மனம் ஒரு வழி சொல்லியது. ஆனால் கை நகரவில்லை. கடைசியில் அப்பெண்ணிடம் சொன்னேன். அவர் வியக்கவும் இல்லை, நகைக்கவும் இல்லை. 'சாதாரண மெழுகுவத்தி போதும் டீச்சர்' என்று கூறி ஒரு துண்டு கொண்டுவந்து தந்தார். அதிலும் நூல் வழுக்கிக்கொண்டுதான் ஓடியது.

மூன்றாம் வாரம் வந்தது பெரிய இடர். இரவிக்கைக் கழுத்துக்குப் பூவேலை செய்யப் 'பட்டு நூல்' வாங்கிவரச் சொன்னார்கள். மெழுகை மறுத்த நான் பட்டு நூலை எப்படித் தொடுவேன்? தயக்கத்தை அறிந்த அப்பெண் ஒரு சோதனை செய்து காட்டினார். சிறு நூல்துண்டைப் பற்றவைத்தால், உண்மைப் பட்டு முடி கருகும் நாற்றம் வீசி, நொறுங்கும் கரியாகும். ரேயான் காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகும். எங்களிடமிருந்த நூல் காகிதம்போல் எரிந்தது. பட்டு நூல் என்பது கடைப்பெயர் மட்டுமே. மரக்கூழிலிருந்து செய்யப்படும் ரேயான்தான் அது. எனக்குப் பெரும் ஆறுதல்.

அந்த ஆறுதல் அன்று மாலை வரைதான் நீடித்தது. பொழுது சாயுமுன் உணவை முடித்துவிட்டு, மகளுக்கு எந்தச் சேலையென்று பார்க்க என் மர அலமாரியைத் திறந்தேன். உள்ளே பதினொரு பட்டுச் சேலைகள். அவை ரேயான் அல்ல. மூத்த மகளின் திருமணத்துக்குக் காஞ்சிபுரத்தில் வாங்கியவை, ஆரணியில் வாங்கியவை, ஜினாலயத்துக்கு உடுத்திச் செல்வதற்கென்றே வைத்திருந்தவை.

பட்டு எவ்வாறு வருகிறது என்பது யாருக்கும் மறைபொருள் அன்று. மல்பெரிப் பட்டுப்புழு தன்னைச் சுற்றிப் பல நூறு மீட்டர் நீளமுள்ள ஒரே இழையால் கூடு கட்டுகிறது. உள்ளிருக்கும் கூட்டுப்புழு அந்துப்பூச்சியாகி வெளிவந்தால் கூடு துளைபட்டு அந்த நெடிய இழை அறுந்துவிடும். ஆகவே அது வெளிவருமுன் நீராவியிலோ வெப்பக்காற்றிலோ கொல்லப்படுகிறது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள். நீரை வடிகட்டிக் குடிக்கின்றோம். விளக்கில் பூச்சி விழுமே என்று இரவுணவைத் தவிர்க்கின்றோம். பிறகு இச்சேலையை உடுத்திக் கொல்லாமையைப் போதித்த பெருமானின் முன் கைகூப்பி நிற்கின்றோம். நம்மில் பட்டைத் தொடாத பெரியோர்களும் இருக்கின்றனர், அவர்களை வணங்குகிறேன். நான் அவர்களுள் ஒருத்தி அல்லள்.

கடைசி வாரம் நாங்களே பொருளைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். நான் ஜபமாலை கோத்தேன். மர மணிகள், பருத்தி நூல், ஒவ்வொரு மணிக்கும் இடையே ஒரு முடிச்சு. 108 மணிகள், மேலே நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுக்கென 3 மணிகள். 'ஏன் 108?' என்று கேட்டார் அப்பெண். தத்துவார்த்த சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயம் கூறும் கணக்கை அவருக்குச் சொன்னேன். ஒரு செயலுக்கு எண்ணுதல், அதற்குரியவற்றைத் திரட்டுதல், தொடங்குதல் என மூன்று படிகள். அவை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும். தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ய உடன்படுதல் என்னும் மூவகையாலும் நிகழும். சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கும் அவற்றைத் தூண்டும். மூன்றை மூன்றால் பெருக்கி, மீண்டும் மூன்றால் பெருக்கி, நான்கால் பெருக்கினால் 108. வினை நம்மிடம் வந்து சேரும் வாயில்கள் அத்தனை.

அவர் சற்று நேரம் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு கேட்டார்: 'அப்படியானால் செய்கிறவரும் வாங்குகிறவரும் ஒன்றா டீச்சர்?'

முப்பத்திரண்டு ஆண்டுகளில் எந்த மாணவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கொதிநீரில் கூட்டை இட்டது என் கை அன்று. ஆனால் கடையில் அமர்ந்து, 'இன்னும் கனமான பட்டாக எடுங்கள்' என்று சொன்னது என் வாய். செய்யவில்லை, செய்வித்தேன், உடன்பட்டேன். கையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த மாலையிலேயே என் விடை இருந்தது.

பின்பு நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் பேசினேன். மகள் முதலில் வருந்தினாள். 'அக்காவுக்கு ஏழு சேலை எடுத்தீர்கள், எனக்கு மட்டும் அறமா அம்மா?' என்றாள். நியாயமான கேள்விதான். இறுதியில் எங்கள் பக்கத்துச் சேலைகள் அனைத்தும் பருத்தியில் எடுப்பதென முடிவாயிற்று. இரவிக்கையும் பருத்தித் துணியே. அதன்மேல் ரேயான் நூலாலும் கண்ணாடி மணிகளாலும் 23 நாள்கள் அமர்ந்து கொடியும் பூவும் தைத்தேன். இடத்தோளில் ஒரு கொடி சற்றே கோணல்; அதைப் பிரிக்க வேண்டாம் என்று மகளே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் முகூர்த்தத்துக்குப் பட்டுச் சேலைதான் கொண்டுவந்தார்கள். அவள் அதை உடுத்தினாள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இன்றும் எண்ணுகிறேன். என் அலமாரியிலுள்ள பதினொன்றும் அங்கேயே இருக்கின்றன. எறிவதால் எவ்வுயிரும் மீளப்போவதில்லை. பன்னிரண்டாவது வராது என்பது மட்டும் உறுதி.

எரிப்பட்டு என ஒன்றுண்டு. ஆமணக்கு இலை தின்னும் புழு கட்டும் அக்கூடு ஒருபுறம் திறந்தே இருப்பதால், பூச்சி வெளியேறிய பின்னும் அதைப் பருத்திபோல் நூற்க முடியும். எனினும் எல்லா எரிப்பட்டும் அவ்வாறே செய்யப்படுவதில்லை. பூச்சி வெளியேறிய கூட்டிலிருந்து நூற்றதுதானா என்று கேட்டு வாங்குதல் நம் கடமை.

இன்னொன்றும் கற்றேன். முன்பொருமுறை ஆரி வேலை செய்த இரவிக்கைக்கு ஒரு பெண் இரண்டாயிரம் ரூபாய் கேட்க, பேரம் பேசி ஆயிரத்து ஐந்நூறுக்கு வாங்கினேன். அன்று அதை என் சாமர்த்தியம் என எண்ணினேன். 23 நாள்கள் முதுகு ஒடிய அமர்ந்த பின்புதான் எவ்வளவு நேரத்தை அவரிடமிருந்து பறித்தேன் என்பது விளங்கியது. பிறர் உழைப்பைக் குறைத்துக் கொடுப்பதும் கள்ளாமைக்கு மாறானதே.

இந்த அவைக்கு என் விண்ணப்பம் ஒன்று. நம் அறக்கட்டளை ஆண்டுக்கொரு முறையேனும் இத்தகைய பயிலரங்கை நடத்த வேண்டும். பகல் வெளிச்சத்தில், பொழுது சாயுமுன் வீடு திரும்பும் வண்ணம், ஓர் ஆசிரியர்க்குப் பத்துப் பேருக்கு மிகாமல் நடத்துவது நல்லது. மூத்தோர்க்கு உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். முதற்பணி சிறியதாக, அன்றே முடிவதாக இருக்கட்டும். கற்பிப்பவர்க்கு முழு ஊதியம் தருவோம். பட்டு, தேன்மெழுகு, முத்து, சங்கு, எலும்புப் பொத்தான் ஆகியவற்றை விலக்கிப் பருத்தி, மரம், கண்ணாடி ஆகியவற்றைக் கொண்டே செய்வோம். வரும் சுருத பஞ்சமிக்கு நம் ஜினாலயத்து ஸ்ரீபுராணப் பிரதிகளுக்கும் சுவடிகளுக்கும் புதிய பருத்தி உறைகளை நம் பெண்களே தைத்து அணிவிக்கலாம்.

பெண்கள் ஒன்றுகூடிக் கற்பது நமக்குப் புதிதன்று. வந்தவாசிக்கு அருகிலுள்ள வேடலில், 9-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டொன்று கனகவீரக் குரத்தியாரையும் அவர்தம் மாணவியரையும் குறிப்பிடுகிறது. அம்மாணவியர் அமர்ந்து கற்ற மண்ணில்தான் நாமும் வாழ்கின்றோம்.

நான் செய்த முதல் ஜபமாலையை இன்று கொண்டுவந்திருக்கிறேன். நாற்பத்தோராவது முடிச்சு தளர்ந்திருக்கிறது. ஜபிக்கும்போது விரல் அங்கே சற்று நின்றுவிடுகிறது. இறுக்கிக் கட்ட எனக்கு இப்போது தெரியும்; ஆயினும் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.