போ என்று சொல்ல நாம் யார்?

(ஃபோர்ட் கொச்சியில் நடந்த தமிழர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், "கொச்சி யூதர்கள் அவர்களுடைய சொந்த நாட்டுக்குப் போய்விட்டார்கள். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது? இந்தியாவில் மிச்சம் இருப்பவர்களும் போக வேண்டியதுதானே!" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நண்பர் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இந்தப் பேச்சை மறுக்காமல் மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை.

சொந்த நாடு என்றீர்களே ஐயா, எது சொந்த நாடு? பக்கத்தில் மட்டாஞ்சேரிக்குப் போய்ப் பாருங்கள். பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டியது. கொச்சி ராஜா தன் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அந்த ஆலயத்தார் காத்துவந்த செப்பேடுகள் அதைவிடப் பழையவை. ஏறக்குறைய கி.பி. 1000-ல் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் கொடுத்து எழுதிய பட்டயம் அது. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, எக்காளம் என்று ஒரு பிரபுவுக்குரிய மரியாதைகள் அதில் வரிசையாக வருகின்றன. ரப்பானுடைய பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் சந்திரன் உள்ளவரை அது செல்லும் என்று எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது எந்த எழுத்தில்? வட்டெழுத்தில். நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் இருக்கும் அதே எழுத்து. 2017-ல் நம் பிரதமர் இஸ்ரேலுக்குப் போனபோது அந்நாட்டுப் பிரதமருக்குப் பரிசாகக் கொண்டுபோனது அந்தச் செப்பேடுகளின் நகலை. இப்படிப்பட்ட பட்டயத்தைக் கையில் வைத்திருந்தவர்களைப் பார்த்து, "உங்கள் ஊர் இது இல்லை" என்று சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர், டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க இந்தக் கரைக்கு அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். உங்களிடம் யாராவது வந்து, "உங்கள் சொந்த ஊருக்குப் போக வேண்டியதுதானே" என்று கேட்டால் பொறுத்துக்கொள்வீர்களா? அந்தக் கேள்வி யூதர் வீட்டு வாசலுக்குப் போகும்போது மட்டும் எப்படி நியாயமாகிவிடும்?

போனவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. ஒவ்வொரு பஸ்கா இரவிலும் எருசலேமை நினைத்து வேண்டிக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஊரின் நினைவை மலையாளத்திலேயே பாட்டுக் கட்டி, நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்துத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்தார்கள் கொச்சி யூதப் பெண்கள். இந்த ஊர்ப் பெண் ரூபி டேனியல், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இந்தியக் கடற்படையின் பெண்கள் பிரிவில் வேலை பார்த்தவர், 1951-ல் இஸ்ரேலுக்குப் போய் நெயோத் மொர்தெகாய் என்ற கிபுட்ஸ் கூட்டுப்பண்ணையில் வாழ்ந்தார். அந்தப் பாட்டுகளை ஆங்கிலத்தில் கொண்டுவர உழைத்தவரும் அவரே. கேரளத்துச் சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாஹு பெசலேல், நெகேவ் பாலைவனத்தில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்தார். நம் அரசாங்கம் அவரைக் கூப்பிட்டு, வெளிநாடுவாழ் இந்தியருக்கான பிரவாசி விருது கொடுத்தது.

எந்த யூதரும் வந்து குடியேறலாம் என்ற இஸ்ரேலின் திரும்பி வரும் உரிமைச் சட்டம் 1950 ஜூலையில் வந்தது. அது ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். 1939-ல் செயின்ட் லூயிஸ் என்ற கப்பலில் 900-க்கும் மேற்பட்ட யூத அகதிகள் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தார்கள். கியூபா ஒரு சிலரைத் தவிர யாரையும் இறங்க விடவில்லை, அமெரிக்கா இறங்க விடவில்லை, கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அவர்களில் பலரை நாஜிகள் கொன்றார்கள். ஓடிவருகிறவனுக்கு எங்காவது ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் கொச்சியில் யார் யாரை விரட்டினார்கள்? யூதரை இந்தக் கரையில் கொடுமைப்படுத்தியவர்கள் போர்த்துகீசியர்கள். 1662-ல் ஜெப ஆலயத்துக்குத் தீ வைத்தவர்களும் அவர்களே. இந்த ஊர்க்காரர்கள் யூதர்களோடு சேர்ந்து வாழ்ந்தார்கள். அப்படியிருந்தும் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் புறப்பட்டார்கள். அவர்கள் புறப்பட்ட கதையை முழுதாகச் சொல்லாமல், "வீட்டுக்குப் போனார்கள்" என்று ஒரே வரியில் முடிப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வீடு வாசலை விற்றுவிட்டு, மூட்டை கட்டிவைத்துக் காத்திருந்தன, கொச்சி யூதர்களில் ஒரு பிரிவினரான மலபார் யூதக் குடும்பங்கள். வா என்று அழைத்த அதே நாட்டின் சுகாதார அதிகாரிகள், "உங்கள் ஊரில் யானைக்கால் நோய் இருக்கிறது, வராதீர்கள்" என்று தடுத்தார்கள். விற்ற வீடு திரும்பி வருமா? வருஷக்கணக்கில் நின்றார்கள். 1953-லிருந்து 1955 வரைதான் பெரும்பாலோர் போக முடிந்தது.

கொச்சி யூதரான ஏ.பி. சேலம் அவர்களைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1882-ல் பிறந்தவர், சென்னையில் சட்டம் படித்தவர், லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனவர். மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்துக்குள்ளேயே ஒரு தீண்டாமை இருந்தது. அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததி என்று சொல்லி, சேலத்தின் இனத்தாரை உள்ளே பெஞ்சில் உட்கார விடமாட்டார்கள். முன்கட்டில் தரையில்தான் இடம். வேதச் சுருளான தோராவை வாசிக்க அனுமதி இல்லை. அந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் நடத்தினார் சேலம். வருஷக்கணக்கில் போராடித் தன் மக்களுக்கு உள்ளே இடம் வாங்கிக் கொடுத்தார். யூத காந்தி என்று ஊர் அவரை அழைத்தது. அந்த மனிதர் 1950-களில் இஸ்ரேலுக்கு நேரில் போய்ப் பார்த்தார். மலபார் யூதர்களுக்காக அங்கே வாதாடினார். போக விரும்பியவர்கள் போய்ச் சேர உதவி செய்தார். அவர் மட்டும் கொச்சிக்குத் திரும்பி வந்து, 1967-ல் இங்கேயே கண்ணை மூடினார்.

போக நினைத்தவனுக்கு வழி செய்து கொடுத்தவர், தான் இருந்துகொண்டார். யாரையும் போ என்று பிடித்துத் தள்ளவில்லை, போனவனைத் துரோகி என்றும் சொல்லவில்லை. இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமென்றால் அவரை விட்டு வேறு எங்கே தேடுவது?

பம்பாய் பக்கத்து யூதர்களான பெனே இஸ்ரேல் மக்களின் கதையையும் கேளுங்கள். போனவர்களில் சிலர் இஸ்ரேலின் பேர்ஷேவாவில், கறுப்பாக இருப்பவர்களுக்குக் கறுப்பு ரொட்டி போதும் என்று தங்களிடம் சொன்னதாகக் குற்றம் சாட்டினார்கள். எங்களை இந்தியாவுக்கே திருப்பி அனுப்புங்கள் என்று டெல் அவிவில் உட்கார்ந்து போராடினார்கள். 1952-ல் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பி வந்தார்கள். அவர்களிலும் பலர் பிறகு மறுபடி இஸ்ரேலுக்கே போக விண்ணப்பம் போட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பத்து வருஷம் கழித்து, 1962-ல், பெனே இஸ்ரேல் ஒருவர் கல்யாணம் செய்ய வேண்டுமென்றால் அவருடைய பூர்விகத்தைத் தோண்டித் துருவிப் பார்க்க வேண்டும் என்று இஸ்ரேலின் தலைமை மதகுருக்களான ரப்பிகள் உத்தரவு போட்டார்கள். யூதன் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போய், "நீ யூதன்தானா?" என்று கேட்டார்கள்! 1964 வரை தெருவில் இறங்கிப் போராடித்தான் அந்த அவமானத்தை அவர்கள் துடைக்க முடிந்தது.

இந்தியாவிலிருந்து போனவர்களைக் குடிவைத்த இடங்களைப் பாருங்கள். நெவாத்திம் என்ற ஊர் பாலைவனத்தில். கஃபர் யூவால் லெபனான் எல்லையில். 1975-ல் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து அங்கே குடியிருந்தவர்களைக் கொன்றார்கள். மணிப்பூர், மிசோரத்திலிருந்து போன பினெய் மெனாஷே யூதர்களில் பலரை மேற்குக் கரையிலும் காசாவிலும் குடியேற்றினார்கள். காசாவில் இருந்தவர்கள் 2005-ல் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. இருப்பதிலேயே ஏழையையும் புதியவனையும் எல்லையில் கொண்டுபோய் நிறுத்துவது எந்தத் தாய்நாட்டு முறை?

எருசலேம் போகும் வழியில் மெசிலத் சியோன் என்ற ஊரில் கொச்சிக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த நிலம் பெய்த் மஹ்சீர் என்ற பாலஸ்தீன ஊருக்குரியது. 1948 போரில் அந்த ஊரார் உட்பட ஏழு லட்சம் பேர் வரை வீடிழந்தார்கள். ஆயிரம் வருஷம் கொச்சியில் வாழ்ந்தவருக்குத் திரும்பும் உரிமை உண்டு; முந்தாநாள் வரை அங்கே வாழ்ந்தவருக்கு அது இல்லை. இந்த அநீதியைப் பற்றி வாய் திறக்காமல் சொந்த நாடு, சொந்த நாடு என்று பேசுவதை என்னால் ஏற்க முடியாது.

பம்பாய் பக்கத்துத் தானேயிலோ கொச்சியிலோ இன்று போவதா இருப்பதா என்ற முடிவை எடுக்க நிற்கும் யூதப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். அலியா, அதாவது இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்து போக வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னால் தாராளமாகப் போங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால், நம் 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். பதினெட்டு வயதை ஒட்டிப் போகிறவருக்குக் கட்டாய ராணுவ சேவை உண்டு. தாத்தா யூதர் என்றால் திரும்பி வரும் உரிமைச் சட்டத்தின் 1970 திருத்தத்தின்படி உள்ளே விடுவார்கள். அம்மா யூதர் இல்லையென்றால் ரப்பி கல்யாணம் நடத்திவைக்க மாட்டார், அங்கே பதிவுத் திருமணமும் கிடையாது. போன பிறகு தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்களா இவை? உங்களை அழைக்கிறவர்கள் இதையெல்லாம் முதலில் சொல்லட்டும்.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. மாளா என்ற ஊரில் இருந்த யூதர்கள் 1955-ல் புறப்பட்டபோது, ஜெப ஆலயத்தையும் கல்லறை நிலத்தையும் பஞ்சாயத்திடம் ஒப்பந்தம் எழுதி ஒப்படைத்தார்கள். எங்கள் முன்னோரின் கல்லறையைக் காப்பாற்றுங்கள் என்று அக்கம்பக்கத்தாரை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த நிலத்தின் ஒரு பகுதியை விளையாட்டு மைதானத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தப்படி அந்தக் கல்லறை நிலம் முழுவதையும் மீட்டுப் பாதுகாக்க வேண்டும் என்று கேரள அரசைக் கேட்டு, இந்தக் கூட்டம் இன்றே ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.